பிந்தா

14 ஜனவரி 2003, செவ்வாய்

மூக்குக்குள் இருக்கும் மயிர்கூட உறைந்துபோகிற குளிர். பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிகிறது. அழுகிறேன் என்று ஆரும் நினைத்துவிடுவார்கள் என்று சால்வையை மேலே இழுத்து மூடிக்கொண்டேன். அழுகிறதுக்கு எனக்கு வீடு இருக்கிறது, றோட்டில் நின்று ஏன் அழவேண்டும்?

புவாண்ட்-கிளேரில் வேலைத்தலம். வாசனைப் போத்தல்களைப் பெட்டியில் அடைக்கிற வேலை. செலின் என்ற என் பெயரைக் கண்டதும், பிரெஞ்சுப் பெயர் என்று போர்மன் பிரெஞ்சில் பொழியத் தொடங்குவான். நாலு வருடமாக நான் தலையை ஆட்டுகிறேன், அவனும் விடுகிறானில்லை. மன்னார்ப் பேசாலையில் ஞானஸ்நானத்தில் வைத்த பெயருக்கு நான் மொன்றியலில் தண்டனை அனுபவிக்கிறேன்.

எங்கள் மேசையில் மூன்று பேர். றொஹானா மலாக்காவில் பிறந்த மலாய்க்காரி, இங்கத்தைய வெள்ளை ஒருத்தரைக் கட்டியவள். சுமார்னி இந்தோனேசியாவில் யாவாத் தீவு. அவளுக்கும் என் வயதுதான், ஐம்பத்திநாலு. வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை பார்க்க என்று வந்து, அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபிறகு இங்கே சேர்ந்தவள். புருசன் இல்லை, பிள்ளை இல்லை. அவளும் தனி, நானும் தனி. நாங்கள் பேசுவது உடைந்த இங்கிலிசு. என்னுடையது ஒரு பக்கம் உடைந்தது, அவளுடையது மற்றப் பக்கம்.

அவர்கள் இரண்டு பேரும் ஊர்ச் சொற்களை ஒத்துப்பார்த்து விளையாடுவார்கள். மலாயில் ஒன்று சொன்னால் யாவாவில் பாதி நேரம் அதுவேதான். அனாக் என்றால் இரண்டு பேருக்கும் பிள்ளை. நான் நடுவில் குந்தி ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். இன்றைக்குப் போர்மன் வந்து தேத்தண்ணி நேரத்தைப் பத்திலிருந்து பத்தரைக்குத் தள்ளிவிட்டுப் போனான். உடனே றொஹானா, "பிறேக் பிந்தா!" என்றாள். சுமார்னியும், "ஓ, பிந்தா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் சொல்லெல்லோ! பிந்துறது, பிந்திப் போச்சு, சுணங்கிப் போச்சு. "எங்கட தமிழிலயும் அதுதான்! பிந்தி! சேம்! சேம்!" என்று நான் கத்த, சுமார்னி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தாள். பழைய காலத்தில் கப்பலோடு போன சொல்லாக்கும்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வாய் விட்டுச் சிரித்தேன்.

23 ஜனவரி

வேலைத்தல வாசலில் பனியை மலையாகக் குவித்துவிட்டார்கள். பஸ்ஸும் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வந்தும் எங்கேயோ தள்ளிப் போய் நின்றது. "பஸ் பிந்தா" என்றாள் சுமார்னி. "ஓம், பிந்தா" என்றேன். இரண்டு பேரும் கையைக் கோர்த்துக்கொண்டு பனிக்குள் ஓடினோம்.

9 பெப்ரவரி, ஞாயிறு

அவர் போய் இரண்டு வருடம். தமிழ்ப் பூசையில் அல்பேட் என்று பெயர் வாசித்தார்கள். பின்னால் இருந்த பொடியள் ஏதோ குசுகுசுத்துச் சிரித்தார்கள். திரும்பி ஒரு முறை முறைத்தேன், அடங்கிவிட்டுதுகள்.

டனிஸ்ரன் ரொறன்ரோவிலிருந்து எடுத்தான். ஒரே பல்லவி. "அம்மா, அந்த ரெண்டறை வீட்டில தனியக் கிடந்து என்ன செய்யிறியள்? வாங்கோவன்." அவனுக்கு அம்மாவும் வேண்டும், பிள்ளை பார்க்க ஆளும் வேண்டும். பிழை என்று சொல்லவில்லை. என்னுடைய மகன்தானே. ஆனால் போன கோடையில் அங்கே ஒரு மாதம் இருந்தேன். காலை எட்டு மணிக்கு எல்லாரும் போய்விடுவார்கள், அந்தத் தெருவில் நாய்கூட நடக்காது. சனம் இல்லாத தனிமை ஒன்று, சனத்துக்கு நடுவில் தனிமை வேறொன்று. இரண்டாவதுதான் பொல்லாதது.

இங்கே என்றால் என் கால், என் பஸ், என் வேலை.

2 மார்ச்

வீட்டுக்காரன் வாடகையைக் கூட்டப்போகிறானாம். ஜூலை முதலாம் தேதி தொடக்கம் புது ஒப்பந்தம். வேண்டாம் என்றால் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டும். தனியே என்னால் இனி இந்த வீட்டை வைத்திருக்க ஏலாது. மற்ற அறைக்கு ஒரு பொம்பிளை வந்தால் சரி. ஒரே ஒரு பொம்பிளை. இவ்வளவு பெரிய பட்டினத்தில் ஒருத்தி இல்லையா?

கிடைக்காவிட்டால் ரொறன்ரோதான்.

19 மார்ச், புதன்

போன கிழமை போர்மன் சொன்னான், ஜூலையிலிருந்து பின்னேர ஷிப்ட் தொடங்குகிறதாம், விரும்பினவர்கள் பெயர் கொடுக்கலாமாம். லேட் ஷிப்ட், லேட் ஷிப்ட் என்று எங்கும் அதே கதை.

இன்றைக்குச் சுமார்னி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில். வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, "செலின், ஜூலை ஐ பிந்தா. யூ பிந்தா வித் மீ?" என்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது. பின்னேர ஷிப்டுக்குப் போகப்போகிறாள், துணைக்கு என்னையும் இழுக்கிறாள். இரவு பதினொன்றரைக்கு அந்தப் பஸ்ஸுக்கு ஆர் போய் நிற்கிறது? "நோ, நோ, நோ. மீ நெவர் பிந்தா" என்றேன்.

"டூ பீப்பிள் குட். அலோன் நோ குட்" என்றாள்.

"அலோன் ஓகே. ஐ லைக் அலோன்" என்றேன். பொய்தான். வாயில் வந்தது.

"வித் மீ, யூ நாட் லைக்?"

"உன்னோடயும் இல்லை, ஒருத்தரோடயும் இல்லை. எனக்கு உந்தப் பிந்துற கதை சரிவராது" என்று கையை ஆட்டி ஆட்டி இங்கிலிசும் தமிழுமாகச் சொன்னேன். பிறகு பகிடிக்காக அவளின் தோளில் தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்த துணியை நாலாக மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

அவள் பின்னேரத்துக்குப் போய்விட்டால் மேசையில் நானும் றொஹானாவும்தான். அதை நினைக்கத்தான் ஒரு மாதிரி இருக்கிறது. பரவாயில்லை. எல்லாரும் போகிறவர்கள்தானே.

30 மார்ச், ஞாயிறு

பூசை முடிய செபமாலை அண்ணையைப் பிடித்தேன். கோயில் வாசலில் நின்று எல்லார் வீட்டுக் கதையும் தெரிந்து வைத்திருக்கிற மனிசன். "அண்ணை, அறை தேடுற பொம்பிளைப் பிள்ளை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டேன்.

"ஆர் பிள்ளை இருக்கினம் இப்ப? எல்லாம் ரொறன்ரோவுக்கு ஓடீட்டுதுகள். நீ ஒருத்திதான் இஞ்ச பிரெஞ்சுக்குக் காவல் இருக்கிறாய்."

சிரித்துவிட்டு வந்தேன். வந்து கதவைச் சாத்தினபிறகுதான் சிரிப்பு முகத்தில் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது.

31 மார்ச்

வீட்டுக்காரனுக்குச் சொல்லியாயிற்று. ஜூலை முதலாம் தேதி வெளியே போகிறேன்.

டனிஸ்ரனுக்கும் சொன்னேன். சந்தோசத்தில் கத்தினான். நானும் சந்தோசம் மாதிரிக் கதைத்தேன்.

20 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

ரொறன்ரோவில் சார்ஸ் வருத்தமாம். "இப்ப வராதேங்கோ அம்மா" என்றான். ஆட்டிறைச்சி வாங்கிக் கறி வைத்தேன். ஒரு ஆளுக்கு எப்படிக் கறி வைப்பது என்று எனக்கு இன்னும் வரவில்லை. நாலு நாளைக்குக் கிடக்கிறது.

சுமார்னிக்குக் கொஞ்சம் கொண்டுபோகலாம் என்று டப்பாவில் போட்டேன். பிறகு எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஹலால் இல்லை. அதோடு இப்போது ஒரு மாதமாக அவள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கிறாளில்லை. மேசை மாறி வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு போய் இருக்கிறாள். நான் போனால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறாள். அதில் ஆரும் கதைக்கிறதாகத் தெரியவில்லை.

ஒரு ஷிப்டுக்கு வரமாட்டேன் என்றதுக்கு இவ்வளவு கோபமா?

16 மே

இன்றைக்கும் பஸ்ஸில் முன் சீற்றில் இருந்தாள். நான் பின்னால். நானாகப் போய்க் கேட்கமாட்டேன். எனக்கென்ன, நானா பிழை விட்டனான்? நான் பேசாலைக்காரி, வலியப் போய் வாய் குடுக்க மாட்டன். கோபம் எண்டால் கோபமாவே இருக்கட்டும். ஆருக்கு நட்டம்?

எனக்குத்தான். எழுதிப்போட்டு ஏன் அழிக்கவேணும். எனக்குத்தான் நட்டம்.

8 ஜூன்

சாமான் கட்டத் தொடங்கினேன். அவரின் சேட்டுகளைக் கோயிலுக்குக் கொடுத்தேன்.

20 ஜூன், வெள்ளி

இண்டைக்கே எழுதவேணும், இல்லாட்டில் நெஞ்சு வெடிச்சிடும்.

காலமை போர்மன் பின்னேர ஷிப்டுக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டு நிற்பாட்டினான். சுமார்னி அதில் இல்லை. அவள் பாட்டுக்குப் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாப்பாட்டு நேரம் றொஹானா வந்து, "செலின், முதலாம் தேதி சுமார்னி பிந்தா, நாங்கள் எல்லாரும் உதவிக்குப் போறம், நீ வரமாட்டியோ?" என்று கேட்டாள்.

"என்னத்துக்குப் பிந்துறா?" என்றேன்.

"வீட்டுக்கு."

"வீட்டுக்குப் பிந்திப் போறதுக்கு உதவி என்னத்துக்கு?"

றொஹானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி என் பக்கத்திலிருந்து தன் பக்கம் வைத்தாள். "பிந்தா" என்றாள். திரும்ப என் பக்கம் வைத்தாள். "பிந்தா. மூவ். ஹவுஸ் மூவ்." எங்கட மலாயிலும் அதுதான், சுமார்னியின் யாவாவிலும் அதுதான், சுண்டாக்காரர், பாலிக்காரர் எல்லாரும் அதைத்தான் சொல்லுவினம் என்றாள். இடம் மாறுறதுக்கு, வீடு மாறுறதுக்கு, தேத்தண்ணி நேரம் மாறுறதுக்கும்.

"லேட்டுக்கு?" என்று கேட்டேன்.

"லேட்டுக்கு வேற சொல்லு."

என்ர மாதாவே. சுமார்னி என்னை என்ன கேட்டவள்? தன்னோட வந்து இருக்கச் சொல்லிக் கேட்டவள். ரெண்டு பேர் எண்டால் நல்லம், தனிய இருக்கிறது கூடாது எண்டு, வாயைத் திறந்து, வெட்கத்தை விட்டுக் கேட்டவள். நான் என்ன சொன்னனான்? நெவர். உன்னோடயும் இல்லை, ஒருத்தரோடயும் இல்லை. அந்த மாதந்தானே நான் கோயில் வாசலில போய் ஒரு பொம்பிளை இருக்கிறாளோ எண்டு பிச்சை கேட்டு நிண்டனான்!

கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு அழுதேன். ஆரோ தட்டினார்கள். "பிந்தி வாறன்!" என்று தமிழில் கத்தினேன். அந்தச் சொல்லைச் சொன்னதும் இன்னும் கூடிவிட்டது.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே சுமார்னியின் பெல்ட்டுக்குப் போனேன். பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவளின் கையைப் பிடித்து இழுத்தேன். போர்மன் கத்தினான், கத்தட்டும். நான் சொன்னேன், எனக்குத் தெரிந்த அவ்வளவு இங்கிலிசையும் கொட்டிச் சொன்னேன். பிந்தா என்றால் தமிழில் லேட். நான் நினைத்தது லேட் ஷிப்ட். வீடு என்று எனக்குத் தெரியாது. நான் வருகிறேன். பிந்தா, பிந்தா, ஐ பிந்தா வித் யூ.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் முழுக்கத் தண்ணீர். பிறகு என் கையில் பளார் என்று ஒரு அடி போட்டாள், வலித்தது. "நான் முஸ்லிம் எண்டதால நீ வேண்டாம் எண்டு சொன்னாய் எண்டு நினைச்சன்," என்றாள். "உன்ர வீட்டில நிறையச் சிலுவை. எனக்கு மூண்டு மாதம் நித்திரை இல்லை."

அது என்னைக் கொன்றுவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் எங்கள் அயலில் இருந்த முஸ்லிம் சனத்தை வெளியேற்றினபோது, பிள்ளை குட்டியோடு அதுகள் வள்ளம் ஏறினதைக் கண்ணால் கண்டவள் நான். அப்படி ஒரு எண்ணம் இந்தப் பொம்பிளையின் மனதில் என்னைப்பற்றி மூன்று மாதம் கிடந்திருக்கிறது. ஒரு சொல்லால்.

"இப்ப வாறன்" என்றேன். "முதலாம் தேதி. உன்னோட."

சுமார்னி தலையைக் குனிந்தாள். பெல்ட்டில் பெட்டிகள் குவிந்து ஒன்று கீழே விழுந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

"லேட், செலின்," என்றாள். "லேட்."

மரிசெல் என்று ஒரு பிலிப்பினோப் பிள்ளை, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறதாம், ஏப்ரலிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டதாம். லஷீனில் வீடு. இரண்டு அறை, இரண்டு பேர்.

1 ஜூலை, செவ்வாய்

இந்த ஊரில் எல்லாருக்கும் இன்றைக்குத்தான் வீடு மாறுகிற நாள். தெரு முழுக்க மெத்தைகள். ஒரு கட்டில் சட்டம் மாடிப்படியில் சிக்கி, இரண்டு குடும்பம் பிரெஞ்சில் சண்டை. டனிஸ்ரன் வாடகை வானோடு விடியவே வந்துவிட்டான். "என்னம்மா முகத்தை இப்பிடி வச்சிருக்கிறியள்? சாவீட்டுக்கா போறம்?" என்றான். பிள்ளை இரவிரவாக ஓடி வந்திருக்கிறான். பாணும் முட்டையும் செய்து கொடுத்தேன்.

சுமார்னிக்கும் இன்றைக்குத்தான். அவள் லஷீனில், நான் நெடுஞ்சாலையில். நேற்று வேலையில் கடைசி நாள், கட்டிப்பிடித்தோம். தன் கழுத்துத் துணியைக் கழற்றி எனக்குக் கட்டிவிட்டாள். பிந்தா என்ற சொல்லை இரண்டு பேரும் சொல்லவில்லை. பயம்.

27 ஜூலை, ஸ்காபரோ

ஜெயனி நல்ல பிள்ளை. மருமகள் என்று குறை சொல்ல ஒன்றும் இல்லை. விடிய ஐந்துக்கு எழும்பி வேலைக்குப் போகிறாள், வந்து விழுந்து படுக்கிறாள். டனிஸ்ரனுக்கு இரண்டு வேலை. பேரன் றொக்சனுக்கு ஐந்து வயது. நான் சொல்வதில் பாதி அவனுக்கு விளங்காது, அவன் சொல்வதில் பாதி எனக்கு விளங்காது. "அப்பம்மா, யூ டாக் ஃபன்னி" என்கிறான். மற்றது கைக்குழந்தை, அதோடுதான் எனக்கு ஒத்துப்போகிறது.

கீழ்த்தளத்தில் அறை. ஜன்னலால் பார்த்தால் புல்லின் வேர் தெரிகிறது.

ஒரு நாளைக்கு எத்தனை சொல் கதைக்கிறேன்? எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

15 ஆகஸ்ட், வெள்ளி

நேற்றுப் பின்னேரம் கரண்ட் போனது இன்னும் வரவில்லை. முழு ரொறன்ரோவும் இருட்டாம். மடுமாதா திருநாள் அன்று மெழுகுதிரியோடு இருக்க வைத்துவிட்டா மாதா. டனிஸ்ரனும் ஜெயனியும் வீடு வந்து சேர நடுச்சாமம் ஆகிவிட்டது. பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு இருட்டுக்குள் இருந்தேன்.

அந்த நேரம் போன் அடித்தது. அது மட்டும் வேலை செய்தது. சுமார்னி!

"செலின்! ரிவியில ரொறன்ரோ கறுப்பு! நீ உயிரோட இருக்கிறியோ?"

இருக்கிறேன் என்றேன். மொன்றியலில் லைட் எரிகிறதாம். மரிசெல் இரவில் மைக் பிடித்துப் பாடுகிறாளாம், பூனை கத்துகிற மாதிரியாம். அவள் அதைப் பாடிக் காட்ட நான் சிரித்த சிரிப்பில் குழந்தை எழும்பிவிட்டது. போனை வைத்தபிறகு றொக்சன் கேட்டான், "ஹூ இஸ் தட்?" "என்ர சிநேகிதி" என்றேன். அவனுக்கு அந்தச் சொல் தெரியாது. மூன்று தரம் சொல்லிக் கொடுத்தேன்.

7 செப்டம்பர்

ஒன்றும் இல்லை.

12 ஒக்டோபர், ஞாயிறு

சுமார்னி எடுத்தாள். மரிசெல் கல்கரியில் தமக்கையிடம் போகிறாளாம், மாத முடிவில் அறை காலி. பிறகு அவள் ஒவ்வொரு சொல்லாக, பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"செலின். யூ மூவ் வித் மீ? மூவ். நாட் லேட். ஹவுஸ். டூ வுமன், ஒன் ஹவுஸ். அண்டர்ஸ்டாண்ட்?"

"அண்டர்ஸ்டாண்ட்" என்றேன்.

"யேஸ் அண்டர்ஸ்டாண்டோ, யேஸ் மூவோ?"

"ரெண்டும்!" என்று தமிழிலேயே கத்தினேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

14 ஒக்டோபர்

சொல்லிவிட்டேன். இப்போது வீட்டில் ஒருவரோடு ஒருவர் கதை இல்லை.

டனிஸ்ரன் முதலில் பகிடி என்று நினைத்தான். பிறகு முகம் கறுத்துவிட்டது. "நான் ஒரு மகன் இருக்க, அறை இருக்க, பேரப்பிள்ளையள் இருக்க, நீங்கள் ஆரோ ஒரு யாவாக்காரியோட போய் இருக்கப் போறியளோ? சனம் என்னைக் காறித் துப்பாதோ?"

"சனம் வந்து எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தருமோ?" என்றேன்.

"நாங்கள் என்ன குறை விட்டனாங்கள்?"

அதுதான் குத்தினது. குறை ஒன்றும் இல்லையடா. உன்னிலயும் இல்லை, அந்தப் பிள்ளையிலயும் இல்லை. உங்களுக்கு என்னோட கதைக்க நேரம் இல்லை, அது உங்கட பிழை இல்லை. ஆனால் எனக்கு ஐம்பத்தஞ்சாகப் போகுது, நான் இன்னும் சாகேல்லை. இதை எல்லாம் நான் சொல்லவில்லை. "எனக்கு அங்க இருக்க விருப்பம்" என்று மட்டும் சொன்னேன். அவன் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனான்.

ஜெயனி கோப்பையைக் கழுவிக்கொண்டு, "மாமி, நீங்கள் போனால் பிள்ளையள ஆர் பாக்கிறது?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

26 ஒக்டோபர்

பழைய போர்மனுக்கு எடுத்தேன். கிறிஸ்மஸ் வேலைக்கு ஆள் வேண்டுமாம், உடனே வா என்றான். பிரெஞ்சில்தான் சொன்னான். முதல் தடவையாக முழுவதும் விளங்கியது.

பிள்ளைகளுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழ்ப் பொம்பிளையின் வீட்டில் இடம் கிடைத்திருக்கிறதாம். ஜெயனிதான் தேடிப் பிடித்தாள். டனிஸ்ரன் என்னைப் பார்த்துக் கதைக்கவில்லை.

1 நவம்பர், சனி

பஸ் ஸ்ராண்டுக்கு ஜெயனிதான் கொண்டுவந்து விட்டாள். தன்னுடைய தடித்த கோட்டைக் கழற்றி, "அங்க குளிர் கூட, மாமி" என்று என் பையில் திணித்தாள். மகன் மேலே அறையில் இருந்தான். கீழே நின்று, "போட்டு வாறன், ராசா" என்று கூப்பிட்டேன். றொக்சன் மட்டும் ஓடி வந்தான்.

வழி முழுக்க, திரும்பி இறங்கிப் போய்விடுவோமோ என்று இருந்தது.

23 நவம்பர், ஞாயிறு, லஷீன்

மூன்று கிழமை. டனிஸ்ரன் எடுக்கவில்லை. நான் எடுத்தால் ஜெயனிதான் தூக்குகிறாள், "அவர் நித்திரை, மாமி" என்கிறாள். பின்னேரம் நாலு மணிக்கும் நித்திரையாம். இரவில் அதுதான் வந்து நெஞ்சில் குந்துகிறது. இந்த வீட்டில் எல்லாம் நல்லது என்றும் சொல்லமாட்டேன். சுமார்னி குளிக்கப் போனால் அரை மணித்தியாலம் வெளியே வரமாட்டாள். நான் கருவாடு பொரித்தால் அவள் ஜன்னலைத் திறக்கிறாள், அவள் இறால் கட்டியைப் பொரித்தால் நான் திறக்கிறேன். வீடு எப்போதும் குளிர்.

இப்போது அவளுக்கு நோன்பு மாதம். பூசையால் வந்து அவளுக்காக மன்னார்ப் பக்கத்து நோன்புக் கஞ்சி காய்ச்சினேன். இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. அவள் மணிக்கூட்டைப் பார்த்தபடி பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். நேரம் வந்ததும் வாயில் போட்டாள், போன் அடித்தது. என் கை முழுக்கத் தேங்காய்ப்பூ. அவள்தான் ஓடிப் போய் எடுத்தாள்.

"ஹலோ?... ஹூ?... ஸ்பீக் ஸ்லோ, பிளீஸ்."

பழம் வாயில் அடைத்துக்கொண்டிருந்தது. விழுங்கிவிட்டுத் திரும்பவும் கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு ஆம்பிளைக் குரல். என்ன சொல்கிறது என்று குசினிக்குள் எனக்கு விளங்கவில்லை. ஆரின் குரல் என்று விளங்கியது.

"செலின்?" என்றாள் சுமார்னி. "யேஸ், யேஸ். செலின் லிவ் ஹியர்."

கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு போனேன்.